அழுக்குப் பக்கத்து முறை

அந்தச் சலவை ஆலையின் நடுவில் ஒரு சுவர். சுவருக்குள் பதித்து வைத்த மாதிரி வரிசையாகப் பெரிய பெரிய இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்பு, போர்வை, நோயாளி அங்கி எல்லாவற்றையும் பிரித்து இந்தப் பக்கத்துக் கதவு வழியாகப் போடுவார்கள். வெந்நீரில் புரண்டு, மருந்தில் ஊறி, பிழிந்து முடித்ததும் அந்தப் பக்கத்துக் கதவு வழியாக எடுப்பார்கள். போட்ட கையை எடுத்த கை பார்த்ததே கிடையாது. அழுக்குப் பக்கத்துக் கிருமி சுத்தப் பக்கத்துக்குத் தாண்டக் கூடாது என்றுதான் சுவரைக் கட்டினார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கிருமிக்காகக் கட்டிய சுவரை மனிதர்கள் சும்மா விடுவார்களா?

அழுக்குப் பக்கத்துக்காரர்களுக்குப் பின்வாசல். சாப்பிட பாய்லர் அறையை ஒட்டி ஒரு நீளப் பெஞ்சு. சுத்தப் பக்கத்துக்காரர்களுக்கு முன்வாசல், ஜன்னல் வைத்த சாப்பாட்டு அறை, மின்விசிறி, தலைவாரிக்கொள்ளக் கண்ணாடி. வேலை முடிந்து குளித்து உடை மாற்றிக்கொண்டு வந்தாலும் அழுக்குப் பக்கத்துக்காரி அந்த அறையில் உட்கார மாட்டாள். உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள், அவ்வளவுதான். பிழைப்புத் தேடி வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள், வாயைத் திறந்தாலே பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரிக்கிறவர்கள், காது கேட்காத ஒருவர், புருஷன் விட்டுவிட்டுப் போனவர்கள் என்று, வேறு எங்கே வேலை கேட்டாலும் 'சொல்லி அனுப்புகிறோம்' என்ற பதிலை வாங்கியவர்கள்தான் அழுக்குப் பக்கத்தில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் அங்கேயே தலை நரைத்தார்கள்.

அங்கிருந்து மேலே வந்த ஒரே ஆள் ராட்டினம்.

ராட்டினம் என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆலை முழுவதற்கும் மேற்பார்வையாளராக ஆனதும் அவள் செய்த முதல் காரியம், ஆட்களைச் சுற்றில் விட்டது. வாரா வாரம் சுத்தப் பக்கத்திலிருந்து சிலர் அழுக்குப் பக்கம் போக வேண்டும். அங்கிருந்து அதே அளவு ஆட்கள் இங்கே வர வேண்டும். எல்லோருக்கும் முறை வரும். துணி மடிக்கும் மேசையில் யாரோ ஒருத்தி, மேலே இருக்கிறவளைக் கீழே கொண்டுவர இதென்ன ராட்டினமா என்று கேட்டாள். பெயர் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொல்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் காதில் விழாத மாதிரி நடந்துகொண்டாள். உள்ளுக்குள் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மேலாளருக்குச் சுற்று ரொம்பப் பிடித்துப்போனது. அவருடைய மேலிடத்துக்காரர்கள் சமத்துவம், எல்லோரையும் அரவணைக்கிற பணியிடம் என்றெல்லாம் பேசத் தொடங்கியிருந்த நேரம். அவர் ராட்டினத்தை ஒரு பெரிய ஓட்டலில் நடந்த கூட்டத்துக்கு அழைத்துப் போனார். குளிர்சாதன அறை, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்ட மனிதர்கள். அவளை மேடையில் ஏற்றி, மாற்றத்தின் தலைவி என்று சொல்லிக் கண்ணாடியில் செய்த கேடயம் ஒன்றைக் கொடுத்தார்கள். மாமியார் அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, எரிவாயு உருளை கொண்டு வருகிறவனுக்குக்கூடக் காட்டினாள். பள்ளிக்கூடம் போகிற மகள் குட்டி, அந்தக் கண்ணாடியில் வாயால் ஊதி ஆவியில் பூனைப் படம் போட்டு விளையாடினாள்.

வீட்டில் ஐந்து பேர். ராட்டினம், அவள் புருஷன், குட்டி, மாமியார், அப்புறம் புருஷனின் தங்கை சின்னு. புருஷன் அதே ஆலையில் டிரைவர். அழுக்கு மூட்டைகளை வண்டியிலிருந்து இறக்கி வைக்கிற சாக்கில் ராட்டினத்தோடு பேசிப் பழகி, பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டவன். மூட்டையில் தொடங்கிய காதல் என்று ஆலையில் இன்றைக்கும் கேலி செய்வார்கள். சின்னுவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மாமியார் கேட்டுக்கொண்டதால் ராட்டினமே அவளைச் சுத்தப் பக்கத்தில் சேர்த்துவிட்டிருந்தாள். சூடான உருளைகளுக்கு நடுவில் விரிப்பை விட்டு இஸ்திரி போடும் இயந்திரத்தில் வேலை. நன்றாகவே செய்தாள்.

அவளுக்கும் முறை வந்தது. ஆலையே ராட்டினத்தின் முகத்தைப் பார்த்தது. சொந்த நாத்தனாரை அனுப்புவாளா, இல்லை ஏதாவது சாக்குச் சொல்லி அடுத்தவளைத் தள்ளிவிடுவாளா? வீட்டில் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். புருஷன், இந்த ஒரு தடவை விட்டுவிடேன் என்று தணிந்த குரலில் கேட்டுப் பார்த்தான். என் வீட்டு ஆளையே நான் மறைத்து வைத்தால் நாளைக்கு யார் போவார்கள் என்று ராட்டினம் கேட்டாள். சின்னுவுக்கு அதில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. ராட்டினத்தில் ஏறியாச்சு, இனி கீழே இறங்கித்தானே ஆக வேண்டும் என்று சிரித்துக்கொண்டே போனாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சுத்தப் பக்கத்தில் துவைத்த விரிப்பு முறுக்கிக்கொண்டு கட்டியாக வரும். அதன் இரண்டு முனைகளைப் பிடித்து ஒரு உதறு உதறினால்தான் விரியும். விரிந்தால்தான் உருளைக்குள் சுருக்கமில்லாமல் போகும். நாள் முழுக்க உதறி உதறி, துணியைத் தொட்டாலே அவர்கள் கை தானாக உதறும். வீட்டில் துண்டை எடுத்தாலும் சின்னு ஒரு தடவை உதறிவிட்டுத்தான் முகம் துடைப்பாள். அழுக்குப் பக்கத்தில் யாரும் உதற மாட்டார்கள். ஓரத்தை மெல்லப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, உள்பக்கமாகச் சுருட்டுவார்கள். நர்சுகள் அவசரத்தில் விரிப்போடு சேர்த்துச் சுருட்டிவிட்ட கத்தரிக்கோல் வரும், நோயாளியின் பல்செட் வரும். போட்டு முடித்த ஊசியும் வரும்.

புதிதாகப் போகிறவர்களிடம் ராட்டினம் இதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. சுத்தப் பக்கத்துக்காரர்கள் பயந்துவிடக் கூடாது என்று, 'அதுல என்ன இருக்கு, துணிதானே, கையுறை போட்டுக்குங்க' என்று முடித்துவிட்டாள். மேடையிலும் அதையே சொல்லிக் கைதட்டல் வாங்கினாள்.

புதன்கிழமை காலை, வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், சின்னு மூட்டையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்தாள். இரண்டு முனைகளைப் பிடித்தாள். உதறினாள். பக்கத்தில் நின்ற பெரியக்கா, அழுக்குப் பக்கத்தின் பழைய ஆள், கையை நீட்டித் தடுப்பதற்குள், துணியிலிருந்து கிளம்பிய ஊசி கையுறைக்கு மேலே முன்னங்கையில் போய்க் குத்தி நின்றது.

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான். மேலாளர் படியிறங்கி வந்தார். தன்னுடைய காரை எடுக்கச் சொன்னார். ராட்டினத்தின் புருஷன்தான் ஓட்டினான். சின்னு பின் இருக்கையில் கையை முட்டியில் வைத்துக்கொண்டு அந்தச் சின்னப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ராட்டினம். ரத்தம்கூடச் சரியாக வரவில்லை அண்ணி, இதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சின்னு கேட்டாள்.

டாக்டர் நிதானமானவர். ஊசி யாருக்குப் போட்டது என்று தெரியாது, அதனால் எந்தக் கிருமி என்றும் தெரியாது, தெரியாததற்கெல்லாம் சேர்த்துத்தான் வைத்தியம் என்றார். தடுப்பூசி போட்டார். ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார். இன்றைக்கு எடுக்கிற ரத்தம் இதுவரைக்கும் எப்படி இருந்தாள் என்பதைத்தான் சொல்லும், இந்த ஊசி என்ன செய்தது என்று தெரிய இன்னும் சில வாரம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும் என்று விளக்கினார். காத்திருப்பதற்கு மட்டும் அவரிடம் மருந்து இல்லை.

வீடு அன்றைக்கே மாறிவிட்டது. மாத்திரை சின்னுவின் வயிற்றைப் புரட்டியது. ரொட்டியைப் பாலில் தோய்த்துக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மாமியார் மகளைவிட்டு அசையாமல் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். தடவின கையைப் போய் சோப்புப் போட்டுக் கழுவவும் கழுவினாள். மறுநாள் காலையில் பார்த்தால், சின்னுவின் தட்டும் தம்ளரும் அலமாரியில் தனியாக, கீழ்த்தட்டில் இருந்தன. ராட்டினம் அதை எடுத்து மற்ற பாத்திரங்களோடு சேர்த்து வைத்தாள். மத்தியானம் அது மறுபடி கீழே போயிருந்தது. மாமியார் கெட்ட மனுஷி இல்லை. குட்டி இருக்கிற வீடு, எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கலாம் என்று நினைத்தாள், அவ்வளவுதான். ஆனால் பாய்லர் அறைப் பெஞ்சு தன் வீட்டு அலமாரிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது என்று ராட்டினத்துக்குப் பட்டது.

புருஷன் பேசுவதை நிறுத்திவிட்டான். கேட்டால் பதில் வரும், தானாக ஒரு வார்த்தை வராது. கோபத்தில் கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

வியாழக்கிழமை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரிகளின் காதுக்கு விஷயம் போயிருக்கிறது, சுத்தப் பக்கத்தில் எல்லோரும் பயந்துபோய் இருக்கிறார்கள், நாலு பேர் இனி அந்தப் பக்கம் போக மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்று அடுக்கினார். நான் நிறுத்தினால் மேலிடத்தில் வேறு மாதிரி பேசுவார்கள், சுற்றைத் தொடங்கியது நீங்கள், அதனால் திங்கட்கிழமை காலை எல்லோரையும் கூட்டி நீங்களே உங்கள் வாயால் நிறுத்திவிடுங்கள் என்றார். நிறுத்தினால் உங்கள் பதவிக்கு ஒன்றும் வராது என்று சேர்த்துக்கொண்டார். கேட்காமலே சொன்னதால் அவளுக்குப் புரிந்துவிட்டது, நிறுத்தாவிட்டால் வரும் என்று.

அங்கிருந்து அவள் நேராக அழுக்குப் பக்கம் போனாள். தன் பழைய ஆட்களாவது நிறுத்தாதே என்று சொல்வார்கள் என்ற நப்பாசை. பெரியக்கா மேசையில் ஒரு போர்வையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ராட்டினம் முதன்முதலில் வேலைக்கு வந்தபோது இவள் பக்கத்தில்தான் நின்றாள். வாய் கொஞ்சம் நீளம், மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"நிறுத்திடு. எங்களுக்கு என்ன நஷ்டம். அவங்க வந்து உதறுறாங்க, நாங்க பக்கத்துல நிக்கிறோம். நேத்து அந்த ஊசி கொஞ்சம் திரும்பியிருந்தா என் கண்ணு."

"என் தப்புதான் அக்கா. சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கணும்."

"அதை விடு. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. எனக்கு எத்தனை தடவை குத்தியிருக்கும்? இதோ இவளுக்கு? உனக்கே எத்தனை தடவை? குழாயைத் திறந்து கையைக் காட்டிட்டு அடுத்த மூட்டையைப் பிரிச்சோம். யாருக்காவது கார் வந்துச்சா? நேத்து வந்துச்சு. பெரியவர் கார். நீயும் அதுல ஏறிப் போனே."

காது கேட்காதவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் ராட்டினத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள முடியாமல் அவள் வெளியே வந்தாள். உனக்கே எத்தனை தடவை என்று பெரியக்கா கேட்டது மட்டும் பின்னாலேயே வந்தது. பேருந்தில் வந்தது, அடுப்படிக்கு வந்தது. குட்டிக்குத் தலை பின்னும்போது அவள் கை நின்றுபோனது. குட்டி வயிற்றில் இருந்தபோதும் அவள் அழுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை சின்னுவின் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கப் போக வேண்டும். கிளம்புவதற்கு முன் சின்னு அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். ராட்டினம் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். இதையாவது சாப்பிடு, வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே என்று தட்டை நகர்த்தினாள். சின்னு முட்டையைத் தொடவில்லை.

"அண்ணி, உங்களுக்குக் குத்தியிருக்கா?"

"ம்."

"எத்தனை தடவை?"

"யாரு எண்ணினாங்க."

"டெஸ்ட்?"

ராட்டினம் ஓட்டைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சின்னு எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் கோபம் வந்தது. ஊசி குத்தியதற்கு வராத கோபம்.

"எனக்கு ஒரு தடவை குத்தினதுக்கு வீடே தூங்கல. நீங்க இத்தனை வருஷம் எப்படித் தூங்கினீங்க அண்ணி?"

"நினைச்சா தூக்கம் வராது. அதனால நினைக்கல."

இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். காரை மேலாளர் ஒரு நாள்தான் கொடுத்தார், அன்றைக்குப் பேருந்து. சின்னுவுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். சின்னு நகரவில்லை. அண்ணிக்கும் பாருங்கள் என்றாள். ராட்டினம் சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள். உடனே முடிவு தெரிகிற சோதனை என்பதால் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார்கள். எதிரே ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதது. நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குத்துப்பட்ட கை குத்துப்பட்ட கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ராட்டினத்துக்கு இருந்தது. ஈரலைத் தாக்குகிற கிருமி. ரொம்ப நாளாகவே உள்ளே இருந்திருக்கும் என்றார் டாக்டர். பயப்பட வேண்டாம், இன்னும் இரண்டு சோதனை செய்து ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம், கவனமாக இருந்தால் எல்லோரையும் போல வேலை செய்யலாம், வாழலாம் என்றார். கூடச் சாப்பிட்டால் ஒட்டாது, தொட்டால் ஒட்டாது. ஆனால் புருஷனுக்கும் குழந்தைக்கும் கட்டாயம் பார்க்க வேண்டும். முதலில் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. குழந்தைக்கும் என்ற வார்த்தை மட்டும் விழுந்தது.

அன்று மாலை அவள் புருஷனை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டாள். காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்தபடியே சொன்னாள், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல். அவன் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்தான்.

"அந்த மூட்டையெல்லாம் நான்தானே கொண்டுவந்து இறக்கினேன்" என்றான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், உள்ள என்ன இருந்துச்சுன்னு."

"உனக்குத் தெரியும்ல. கட்டிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குட்டி வயித்துல இருக்கறப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். தெரியலை என்றான். பிறகு அவள் கையிலிருந்த துணிகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நாளைக்குக் குட்டியைக் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போகலாம் என்று சொல்லிக் கீழே இறங்கினான். புதன்கிழமைக்குப் பிறகு அவன் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

சனிக்கிழமை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தை ராட்டினம் பிற்பாடு யாரிடமும் விவரித்துச் சொன்னதில்லை. ஊசிக்குப் பயந்து கத்திய குட்டி, ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்ததும் எல்லாவற்றையும் மறந்து, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். புருஷன் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தான். ராட்டினம் மனசுக்குள் பேரம் பேசினாள். எனக்கு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும், இவளுக்கு வேண்டாம், சுற்றும் வேண்டாம், பதவியும் வேண்டாம், திங்கட்கிழமையே நிறுத்திவிடுகிறேன் என்று யாரிடமோ கெஞ்சினாள். நர்சு கதவைத் திறந்து குட்டியின் கன்னத்தைத் தட்டிவிட்டு, இருவருக்கும் ஒன்றும் இல்லை என்றாள். பிறந்தபோது போட்ட தடுப்பூசி குட்டியைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது யார் என்று தெரிந்திருந்தால் அவர் காலில் விழுந்திருப்பாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள். குட்டி தன் மிட்டாயை அவளுக்கு ஒரு கடி கொடுத்தாள்.

மாமியாரிடம் சொல்லாமல் முடியுமா? சின்னு சொன்னாள். வெளியே மூச்சு விட வேண்டாம் என்றாள் மாமியார். ஒரு பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள், ஒன்றுக்கு இரண்டாகப் பேசுவார்கள், மருமகள் நல்லபடியாகச் சுற்றை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தால் எல்லாம் ஆறிப்போகும் என்றாள். புருஷனும் அதையே சொன்னான், வேறு வார்த்தைகளில். இது ஊரெல்லாம் தெரிந்தால் நீ இருக்கிற இடத்தில் உன்னை இருக்க விட மாட்டார்கள் என்றான்.

தெரிந்தவர், தெரியாதவர், வேண்டியவர், வேண்டாதவர் எல்லோரும் நிறுத்து என்றுதான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளும் நிறுத்துவதாகத்தான் இருந்தாள். என்ன பேச வேண்டும் என்று பாத்திரம் கழுவிக்கொண்டே ஒத்திகை பார்த்தாள். அனுபவத்தில் சில குறைகள் தெரிந்தன, ஆகவே இப்போதைக்கு, என்று நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒரு இடத்தில் வந்து தட்டியது. நிறுத்தின மறுநாளும் மூட்டை வரும். மூட்டைக்குள் ஊசியும் வரும். அது பெரியக்காவின் கையில் குத்தும். அவள் குழாயைத் திறந்து கையைக் காட்டுவாள். மேலாளர் படியிறங்கி வர மாட்டார். அவருக்குத் தெரியவே தெரியாது. சின்னுவுக்குக் குத்தியதால்தான் ஊசி என்று ஒன்று இருப்பதே ஆலைக்குத் தெரிந்தது. சுற்று நின்றால் ஊசி நிற்காது, அதைப் பற்றிய பேச்சுதான் நிற்கும்.

பெரியக்கா குத்திக்காட்டியது இதைத்தான். ஆனால் அவளே நிறுத்து என்றும் சொன்னாள். அவளையும் எதிர்த்துக்கொண்டு யாருக்காக நிற்பது? சமத்துவம் பேசுகிறவளுக்குச் சமமாக நாலு பக்கமும் அடி விழும் போலிருக்கிறது என்று ராட்டினம் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அது சிரிப்பில்லை, வேறென்ன செய்வது என்று தெரியாமல் வந்தது.

திங்கட்கிழமை காலை ஆலையின் முன்முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். சுத்தப் பக்கத்துக்காரர்கள் நிழலில் ஒரு கூட்டம், அழுக்குப் பக்கத்துக்காரர்கள் வெயிலில் ஒரு கூட்டம், நடுவில் யாரும் கோடு போடாத ஒரு இடைவெளி. மேலாளர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புருஷன் வண்டியிலிருந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தான். சின்னு வேலைக்கு வர வேண்டியதில்லை, சம்பளத்தோடு விடுப்பு. ஆனாலும் வந்து, வெளிறிய முகத்தோடு ஒரு தள்ளுவண்டியில் சாய்ந்து நின்றாள்.

ராட்டினத்துக்கு மேடைப் பேச்சு வராது. ஓட்டலில் பேசியதும் எழுதிக் கொடுத்ததைப் படித்ததுதான். இப்போது கையில் ஒன்றும் இல்லை.

"சுற்றை நிறுத்தறேன்னு சொல்லத்தான் இங்க வந்தேன்" என்று தொடங்கினாள். நிழல் பக்கத்தில் ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "சின்னுவுக்கு ஊசி குத்தினதுக்கு நான்தான் காரணம். உதறக் கூடாதுன்னு நான் சொல்லல. அது ஒரு வேலைன்னே நான் மதிக்கல. அங்கிருந்து வந்தவளே மதிக்கல."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை எனக்கும் ரத்தம் பாத்தாங்க. எனக்கு இருக்கு. ஈரல் கிருமி. பல வருஷமா இருக்காம். எந்த ஊசின்னு எனக்குத் தெரியாது. அத்தனை ஊசி."

மேலாளர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். இங்கே இதெல்லாம், என்று தொடங்கினார். நிழலில் அவளுக்குப் பக்கமாக நின்ற இரண்டு பெண்கள், தெரிந்து செய்தார்களா தெரியாமல் செய்தார்களா, ஒரு அடி பின்னால் போனார்கள். அதில் ஒருத்தி இவளோடு ஒன்றாகக் கடைக்குப் போகிறவள். ராட்டினம் அதைப் பார்த்தாள். புருஷன் வண்டிக் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றான்.

"அதனால சுற்று நிக்காது" என்றாள். "சொல்லிக் கொடுத்துட்டுத்தான் இனி ஆள் அனுப்புவேன். முதல்ல அழுக்குப் பக்கத்துல எல்லாருக்கும் ரத்தம் பாக்கணும். சின்னுவுக்கு எப்படிப் பாத்தாங்களோ அப்படி. இதுக்காக என்னை வேலையைவிட்டு அனுப்பணும்னா அனுப்பட்டும்."

மேலாளர் குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார். இத்தனை பேருக்குச் சோதனை செய்து ஏதாவது வந்தால் ஆஸ்பத்திரிகள் துணி அனுப்புவதை நிறுத்திவிடும், ஆலையை மூட வேண்டி வரும், இத்தனை குடும்பமும் தெருவுக்கு வரும், இதையெல்லாம் யோசித்தீர்களா என்று கேட்டார். வெயிலில் நின்றவர்களைப் பார்த்து, உங்களில் யாராவது சோதனை கேட்டீர்களா, கேட்டவர்கள் சொல்லுங்கள் என்றார்.

வெயிலில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். யார் சொல்வார்கள்? சொன்னால் வேலை போகும். சோதனை செய்தால் என்ன வருமோ, அதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு எப்படிப் போவது? ராட்டினம் இத்தனை வருஷம் நினைக்காமல் இருந்ததைத்தானே அவர்களும் நினைக்காமல் இருந்தார்கள். காது கேட்காதவர் பக்கத்தில் இருந்தவளின் தோளைத் தொட்டு, என்ன என்று கையால் கேட்டார். அவள் தன் முன்னங்கையில் விரலால் குத்திக் காட்டினாள். அவர் மேலாளரைப் பார்த்தார், ராட்டினத்தைப் பார்த்தார். பிறகு அவரும் தரையைப் பார்த்தார்.

மேலாளர், சரி, எல்லோரும் வேலைக்குப் போகலாம் என்று சொல்லித் திரும்பினார். நிழலில் இருந்தவர்கள் கலையத் தொடங்கினார்கள். ராட்டினம் நின்ற இடத்திலேயே நின்றாள். கண்ணைத் துடைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று துடைக்காமல் நின்றாள்.

பெரியக்கா இடத்தைவிட்டு அசையவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, திட்டுகிற மாதிரிதான் கேட்டாள்.

"அந்த டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு?"

ஒரு மணி வரைக்கும் என்றாள் சின்னு. பெரியக்கா தலையை ஆட்டிவிட்டு, போட்டிருந்த கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றத் தொடங்கினாள்.